எண்ணெய் வாங்கிவர ஓர் ஆள் போதாது: செட்டிநாட்டுப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் அடங்கிய செட்டிநாட்டுப் பங்குகளின் (கோயில் சமூகங்களின்) பேரவைப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் பொறுப்பில் இருக்கும் அக்காமாருக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளைகளுக்கும் அன்பு வணக்கம்.

குருத்து ஞாயிறு நெருங்கிவிட்டால் நம் கோயில்களில் ஆளாளுக்கு வேலை இருக்கும். ஓலை வெட்ட ஆள் வேண்டும், பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் 12 பேர் வேண்டும், பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை, பாஸ்கா (உயிர்ப்பு விழா) இரவுக்கு மெழுகுதிரி, மைக், ஜெனரேட்டர். பேரவைக் கூட்டத்தில் இவை எல்லாம் நோட்டில் ஏறும். அதே வாரத்தில், பங்குகளில் ஆண்டு முழுக்கப் பூசும் எண்ணெய்களை மந்திரிக்க (ஆசீர்வதிக்க), சிவகங்கைப் பேராலயத்தில் ஆயர் (பிஷப்) நிறைவேற்றும் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலி மட்டும் ஏறுவதில்லை. கேட்டால், “அது சாமிமார் பூசை” என்பார்கள். பங்குச்சாமியின் வண்டியில் மூன்று பாட்டில் போகும், மூன்று பாட்டில் திரும்பி வரும், பீரோவில் ஏறும். நம் பிள்ளைகளின் உச்சந்தலையில் பூசுகிற எண்ணெய் எங்கே, எப்படி, யார் கையால் அப்படி ஆனது என்று பங்கில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாமல் ஆண்டுகள் ஓடுகின்றன.

இந்த ஆண்டு ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரு வேனாவது பேராலயத்துக்குக் கிளம்ப வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கூடவே, போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும், எங்கே பிசகும் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

இது குருக்களுக்கு மட்டும் உரிய பூசை என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. பாஸ்காக் கொண்டாட்டங்களைப் பற்றி ரோமிலிருந்து 1988-இல் வந்த சுற்றுமடல், இறைமக்களும் இதில் பங்கெடுத்து நற்கருணை வாங்கும்படி அவர்களை ஊக்கப்படுத்தச் சொல்கிறது. மறைமாவட்டத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒரே முறை நடக்கிற திருப்பலி இது. முறைப்படி இதற்குரிய நேரம் பெரிய வியாழன் காலை. அன்று மாலையே ஒவ்வொரு பங்கிலும் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி இருப்பதால், தூரத்துக் குருக்களும் மக்களும் வந்துபோகச் சிரமம் என்றால், பாஸ்காவுக்கு நெருங்கிய வேறொரு நாளை ஆயர் தேர்ந்துகொள்ள அனுமதி உண்டு. ஆகவே, போன வருடம் என்ன கிழமை என்ற நினைவை வைத்துக்கொண்டு வேன் பேசாதீர்கள். சுற்றறிக்கை வரட்டும்.

“காரைக்குடியிலேயே நடத்தினால் என்ன?” என்ற பேச்சும் எழுகிறது. தக்க காரணம் இருந்தால் வேறொரு கோயிலில் வைக்கவும் விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் அதைக் கேட்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். பேராலயம் என்பது பெரிய கோயில் என்ற பொருளில் வந்ததல்ல. ஆயரின் இருக்கை எங்கே இருக்கிறதோ அதுதான் பேராலயம். இடைக்காட்டூர்த் திருஇருதயக் கோயிலைப் பாருங்கள். பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894-இல் எழும்பியது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆனால் அது பேராலயம் இல்லை. (அந்த ரீம்ஸில்தான் பிரெஞ்சு அரசர்கள் எண்ணெய் பூசப்பெற்று முடிசூடினார்கள். இடைக்காட்டூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதையும் சொல்லலாம்.) ஆண்டில் ஒரு நாள் ஆயரின் இருக்கையைச் சுற்றி அத்தனை குருக்களும் மக்களும் கூடுவதில்தான் இந்தப் பூசையின் பொருளே இருக்கிறது. 1987-இல் மதுரையிலிருந்து பிரிந்த நம் மறைமாவட்டம் சிவகங்கை, இராமநாதபுரம் என்று இரண்டு மாவட்டத்துக்கு விரிந்து கிடக்கிறது. இராமேசுவரத்துக்காரர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருகிறார்கள். காரைக்குடியிலிருந்து கல்லல் வழியாகவோ, தேவகோட்டையிலிருந்து காளையார்கோவில் வழியாகவோ போகிற நமக்கு அதில் பாதிப் பயணம்தான். ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் வேன் பிடிக்கத் தெரிந்த பங்குகளுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரை ஏற்றிக்கொண்டு போவது என்பதில்தான் பேரவை கொஞ்சம் யோசிக்க வேண்டும். “வருகிறவர்கள் வாங்க” என்று பூசை முடிவில் அறிவித்தால், வழக்கமாக எல்லாவற்றுக்கும் வருகிற அதே பதினைந்து பேர்தான் வருவார்கள். எண்ணெய்கள் மூன்று. அந்த மூன்றும் யாரைத் தொடப் போகின்றனவோ அவர்களைத் தேடிப் பிடியுங்கள். நோயாளர் எண்ணெய், நோயில்பூசுதலில் நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூசுவது. படுத்த படுக்கையாய் இருக்கிறவரைக் கூட்டிவர முடியாது. அவரைப் பார்த்துக்கொள்கிற மகளையோ மருமகளையோ அன்று ஒருநாள் விடுவித்து, வேறொருவரை வீட்டில் இருக்க வைத்து அனுப்புங்கள். ஆயத்த எண்ணெய், திருமுழுக்குக்கு முன் குழந்தையின் நெஞ்சில் பூசுவது. வரும் மாதங்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிற தாய் தகப்பனையும், பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறக் காத்திருக்கும் பெரியவர்களையும் இதற்காகக் கூப்பிடுங்கள். மூன்றாவது, நறுமணத் தைலம் கலந்த கிறிஸ்மா. திருமுழுக்குத் தண்ணீருக்குப் பிறகு உச்சந்தலையிலும், உறுதிபூசுதலில் நெற்றியிலும், குருப்பட்டத்தில் புதுக்குருவின் உள்ளங்கைகளிலும், ஆயர் பட்டத்தில் தலையிலும் பூசுவது. புதுப் பலிபீடத்தின் மேல் ஊற்றுவதும், மந்திரிக்கும் கோயிலின் சுவரில் 12 இடத்திலோ 4 இடத்திலோ தடவுவதும் இதுதான். கிறிஸ்து என்ற பெயருக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் கிறிஸ்தவர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பெயரும். உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். அது பொதுத்தேர்வுக் காலமாக இருக்கும். தேர்வு அட்டவணையையும் திருப்பலி நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அடுத்த நாள் பரீட்சை உள்ள பிள்ளையை விட்டுவிடுங்கள்.

கிறிஸ்மாவுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வேனிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். நோயாளர் எண்ணெய் கைவசம் இல்லாமல் அவசரம் வந்துவிட்டால், அந்தச் சடங்கின்போதே எந்தக் குருவும் அதை மந்திரித்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் விடுகிறது. கிறிஸ்மாவை ஆயரைத் தவிர வேறு யாரும் அர்ச்சிக்க முடியாது. உறுதிபூசுதலை ஒரு குருவே கொடுத்தாலும், பூசுகிற கிறிஸ்மா ஆயர் அர்ச்சித்ததாக இருக்க வேண்டும்.

இனி திருப்பலிக்கு வருவோம். தவக்காலத்தில் வழக்கமாகப் பாடாத வானவர் கீதம் இதில் உண்டு. வெள்ளை உடுப்பில் குருக்கள் வரிசை வரிசையாகப் பவனி வருவார்கள். வாசகங்கள் எசாயா 61, திருவெளிப்பாடு 1:5-8, நற்செய்தி லூக்கா 4:16-21. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டை விரித்து “ஆண்டவருடைய ஆவி என்மேல் உளது” என்று வாசிக்கிற பகுதி அது. அதற்கு முந்தின ஞாயிறே மறைக்கல்வி வகுப்பில் இந்த மூன்றையும் வாசித்துவிடுங்கள். பேராலயம் போன்ற உயர்ந்த கூரைக் கட்டடத்தில் குரல் மேலே போய்த் திரும்பி வந்து சொல்லோடு சொல் மோதும். முன்பே படித்தவருக்குத்தான் பாதி காதில் விழுந்தாலும் முழுதும் புரியும். மறையுரை பெரும்பாலும் குருக்களைப் பார்த்தே பேசப்படும். அது முடிந்ததும் குருக்கள் எல்லாரும் எழுந்து ஆயர் முன் தங்கள் குருத்துவ வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். அடுத்து ஆயர் மக்கள் பக்கம் திரும்பி, “இந்தக் குருக்களுக்காக மன்றாடுங்கள், எனக்காகவும் மன்றாடுங்கள்” என்ற கருத்தில் கேட்பார். பதில் சொல்ல வேண்டியது நாம். மக்கள் பேசாமல் நின்று, பாடகர் குழு மட்டும் பதில் சொன்னால் அந்த இடமே வெறிச்சோடிப் போகும். வீட்டுக்கு ஒரு தாளில் அந்தப் பதில்களை அச்சடித்துக் கொடுங்கள். விசுவாசப் பிரமாணம் இதில் கிடையாது. பழக்கத்தில் யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம்.

காணிக்கைப் பவனியில் எண்ணெய்ப் பாத்திரங்கள் வரும். கலக்க வேண்டிய நறுமணத் தைலம் முதலில், பின்னால் ஆயத்த எண்ணெய், அதன்பின் நோயாளர் எண்ணெய். கிறிஸ்மாவுக்கான எண்ணெயைக் கடைசியில் ஒரு திருத்தொண்டரோ குருவோ தூக்கி வருவார். அதற்கும் பின்னால்தான் அப்பமும் இரசமும்.

இதன் பிறகுதான் ஆண்டுதோறும் ஒரே தவறு நடக்கிறது. திருவழிபாட்டு ஒழுங்கின்படி, நோயாளர் எண்ணெய் நற்கருணை மன்றாட்டு முடிகிற இடத்தில் மந்திரிக்கப்படும். ஆயத்த எண்ணெயும் கிறிஸ்மாவும் நற்கருணை வாங்கிய பிறகு. நம் ஆட்களுக்கோ நற்கருணை வாங்கியதும் கால் வாசலைத் தேடும். செருப்பு தொலையுமே என்ற கவலை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், வேன்காரரின் போன். எதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தார்களோ அது நடக்கும்போது பாதிப் பேர் முற்றத்தில் நிற்பார்கள். சில மறைமாவட்டங்களில் மேய்ப்புப்பணி வசதிக்காக மூன்றையும் இறைவார்த்தை வழிபாடு முடிந்ததுமே மந்திரிப்பது உண்டு. அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. இந்த முறை எந்த ஒழுங்கு என்று பங்குச்சாமியிடம் முன்பே கேட்டு வேனில் சொல்லிவிடுங்கள். வேன்காரரிடமும் “பூசை முடிய இரண்டரை மணி நேரம் ஆகும், அதுவரை போன் பண்ணாதீங்க அண்ணே” என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கிறிஸ்மாவை அர்ச்சிக்கும் நேரத்தைக் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். ஆயர் நறுமணத் தைலத்தை எண்ணெயில் ஊற்றிக் கலக்குவார். அப்போது பேச்சும் இருக்காது, பாட்டும் இருக்காது. முன்கூட்டியே கலந்து வைத்திருந்தால் இந்தக் கட்டம் இருக்காது. பின்பு அவர் குனிந்து பாத்திரத்தின் வாயில் ஊதுவார். ஒரு மூச்சு, அவ்வளவுதான். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதியதை நினைவில் வைத்துப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும். அடுத்து நீண்ட அர்ச்சிப்பு மன்றாட்டு. அதன் பிற்பகுதியில், சுற்றி நிற்கும் அத்தனை குருக்களும் வாய் திறக்காமல் வலக்கையைப் பாத்திரத்தை நோக்கி நீட்டுவார்கள். சற்று நேரத்தில் வாசனை முன்வரிசைகளைத் தாண்டி மெல்லப் பின்னால் வரும். அந்த ஒரு மூச்சு நேரத்தைப் படம் பிடிக்கப் பத்துப் பேர் எழுந்து போனைத் தூக்கினால் பின்னால் இருக்கிற இருநூறு பேருக்கு முதுகுகள்தான் தெரியும். நம் வேனில் வருகிறவர்கள் போனை எடுப்பதில்லை என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இடம் பிடிப்பதைப் பற்றி ஒரு வரி. முன்பகுதி குருக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் போய்விடும். முக்கால் மணி நேரம் முன்னதாக உள்ளே போனால் நடுப்பாதையை ஒட்டிய வரிசை கிடைக்கும், பிள்ளைகளை அந்த ஓரத்தில் உட்கார வையுங்கள். செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், வெயில் ஏறிய முற்றத்தில் வெறுங்காலோடு தேடி அலைய வேண்டியிருக்காது.

உடையில் தேவையில்லாத குழப்பம் ஒன்று இருக்கிறது. திருவழிபாட்டு நிறம் வெள்ளை என்பதால் பெண்களும் வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, நம் ஊர்ப்பக்கம் வெள்ளைச் சேலைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த சுமங்கலிகள் சங்கடப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. வெள்ளை குருக்களின் உடுப்புக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற சேலையே போதும்.

சாப்பாட்டு விஷயத்திலும் பெரியவர்கள் வீணாய் வருந்துகிறார்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்துதான் உபவாசம். பூசை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் என்று கணக்கில்லை. இந்தத் திருப்பலியில் நற்கருணைக்கு வரவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் நன்றாகச் சாப்பிட்டே கிளம்பலாம். தண்ணீருக்கும் மருந்துக்கும் எப்போதுமே தடையில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேர விதியும் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வந்து பாதிப் பூசையில் மயங்கி விழுவதில் யாருக்கும் புண்ணியம் கிடையாது. மதியத்துக்குப் புளியோதரையும் மோரும் கையோடு கொண்டு போங்கள். தவக்காலம், அதிலும் புனித வாரம். திரும்பும் வழியில் அசைவ ஓட்டல் வாசலில் வேனை நிறுத்தச் சொல்லும் இளைஞர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

கோயில்பிள்ளைகளே, இனிச் சொல்லப்போவது உங்களுக்கு. எங்களுக்கு அதிகம் மனவருத்தம் தருவது பாத்திரங்கள்தான். பழைய மினரல் வாட்டர் பாட்டில், இருமல் மருந்துக் குப்பி, ஊறுகாய் ஜாடி என்று எதில் வேண்டுமானாலும் எண்ணெய் வாங்கிப் போகிறார்கள். பிளாஸ்டிக்கில் கிறிஸ்மாவின் மணம் ஏறிக்கொள்ளும், பாட்டிலின் பழைய வாடை எண்ணெய்க்கு இறங்கும். ஊறுகாய் ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் மூடியில் காரம் இருக்கும். நம் பகுதியில் பித்தளைச் சாமான்களுக்குக் குறைவில்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் எண்ணெய் நின்றால் களிம்பு ஊறிப் பச்சையாகிவிடும். செம்பு பட்ட எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடையும் அடிக்கும். திருகு மூடி போட்ட தடித்த கண்ணாடிக் குப்பி அல்லது எவர்சில்வர் பாத்திரம் மூன்று வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும்.

கழுவுவதை முதல்நாள் இரவுக்கு ஒத்திப்போட வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, மூடியின் உள்ளே இருக்கும் வாஷரைத் தனியே கழற்றி, எல்லாவற்றையும் ஒரு முழுப் பகல் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பங்குனி வெயில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். சாயங்காலம் உலர்ந்த பஞ்சால் உள்ளே ஒருமுறை துடைத்து மூடுங்கள். வாஷரைக் கழற்றாமல் விட்டால் அதன் அடியில் தங்கிய ஈரம் எண்ணெயில் இறங்கும். எண்ணெய் கலங்கும், அடியில் மண்டி கட்டும், ஆடி மாதத்துக்குள் கெட்ட வாடை வந்துவிடும். “ஆயர் மந்திரித்த எண்ணெயே கெட்டுப்போச்சே” என்று மக்கள் கலங்குவார்கள். காரணம் இரண்டு சொட்டுத் தண்ணீராகத்தான் இருக்கும்.

பெயர் எழுதுவது அதைவிட முக்கியம். நோயாளர் எண்ணெயும் ஆயத்த எண்ணெயும் நிறத்திலும் மணத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். கலந்துவிட்டால் பிரித்தறிய வழியே இல்லை. கிறிஸ்மாவை வாசனையால் அறியலாம் என்றாலும், மேற்குச் சுவரோரம் வெயில் காயும் இரும்பு பீரோவில் ஓராண்டு கிடந்தால் அந்த வாசனையும் மங்கிவிடும். ஒட்டுகிற சீட்டு எண்ணெய் பட்டதும் உரிந்து வரும், பேனா மை கரையும். பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து “நோயாளர்”, “ஆயத்தம்”, “கிறிஸ்மா” என்று பாத்திரத்திலும் மூடியிலும் வெட்டி வாங்குங்கள். மூடியில் வெட்டாமல் விட்டால் மூடிகள் மாறும். கண்ணாடிக் குப்பியாக இருந்தால் கழுத்தில் மூன்று நிற நூல் கட்டி, எந்த நிறம் எதற்கு என்று பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பழைய வெள்ளிச் சிமிழ்களில் லத்தீன் எழுத்துகள் இருக்கும். எஸ்.சி. என்றால் கிறிஸ்மா, ஓ.ஐ. என்றால் நோயாளர் எண்ணெய், ஓ.சி. அல்லது ஓ.எஸ். என்றால் ஆயத்த எண்ணெய். புதிதாய் வரும் கோயில்பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது, சொல்லிக் கொடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டர் கேனோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. ஆண்டுக்கு 60 திருமுழுக்கு, ஆளுக்கு 6 சொட்டு என்றால் 18 மில்லி. 80 பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், ஆளுக்கு 3 சொட்டு என்றால் 12 மில்லி. சிமிழில் வைக்கும் பஞ்சு குடிப்பதையும் சேர்த்தாலும், பெரிய பங்குக்கே கிறிஸ்மா 100 மில்லி தாராளம். பிப்ரவரி 11 நோயாளர் நாளில் நூறு முதியவர்களுக்கு ஒன்றாகப் பூசுகிற பங்குக்கும் நோயாளர் எண்ணெய் 100 மில்லி போதும். ஆயத்த எண்ணெய் 50 மில்லி. சின்னப் பங்குகளுக்கு எல்லாமே இதில் பாதி. புதுப் பலிபீடமோ கோயில் மந்திரிப்போ இருந்தால் மட்டும் கிறிஸ்மா தனியாகக் கால் லிட்டர் தேவைப்படும். அதைப் பேராலயத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அன்று வரிசையில் நின்று கேட்டால் மற்றப் பங்குகளுக்குக் குறையும்.

வீட்டிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டில் கொண்டுவந்து “இதையும் சேர்த்து மந்திரிங்க சாமி” என்று கேட்காதீர்கள். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயும் பயன்படுத்தலாம் என்று 1970-களின் தொடக்கத்திலிருந்தே விதி இருக்கிறது. எந்த எண்ணெய் என்று தீர்மானிப்பது ஆயரின் பொறுப்பு. அதேபோல, வேளாங்கண்ணியிலிருந்து எண்ணெய் வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொள்கிற பழக்கத்தில், இதிலும் கொஞ்சம் கேட்கிற அம்மாக்கள் உண்டு. அது பக்தி முயற்சிக்குரிய எண்ணெய், இது அருளடையாளத்துக்குரிய எண்ணெய். இதை வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று அன்பாக விளக்குங்கள், அதட்ட வேண்டாம்.

திருப்பலி முடிந்ததும் எண்ணெய் வாங்கும் இடத்தில் நெரிசல் இருக்கும். அந்த வரிசையில் நிற்க மட்டும் ஒரு பங்குக்கு ஓர் ஆள் போதும். மூன்று புனல் கொண்டு போங்கள். ஒரே புனலை மூன்றுக்கும் வைத்தால் கிறிஸ்மாவின் மணம் மற்ற இரண்டிலும் ஏறும், பிறகு எது எது என்று பீரோவில் தடுமாற வேண்டும். கழுத்து வரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். மூடி நிறுத்திய வேனுக்குள் சூடு ஏறினால் எண்ணெய் விரிந்து மூடியைக் கசிய வைக்கும். மூன்று பாத்திரத்தையும் நிமிர்த்தி வைக்க நம் ஊர் ஓலைக் கொட்டானைவிடத் தோதானது கிடைக்காது. அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, பாத்திரங்களுக்கு நடுவே இன்னொரு துண்டைத் திணித்து, மடியில் வைத்துக்கொண்டு வரலாம். வேனின் டிக்கியில் ஸ்டெப்னியோடு போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிவகங்கைக்குக் கிளம்பும் முன் பழைய எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று மதியமே ஒரு வீட்டில் யாருக்காவது மூச்சு இழுத்தால் பூச எண்ணெய் இருக்காது. புதிய எண்ணெய் சிமிழுக்கு வரும்வரை நோயாளர் எண்ணெய்ச் சிமிழைத் தொடாதீர்கள். பெரிய பாத்திரங்களில் மிஞ்சிய பழையதை மட்டும் வேறு குப்பிகளுக்கு மாற்றிப் “பழையது” என்று எழுதி வையுங்கள். பழையதன்மேல் புதியதை ஊற்றுவது கூடவே கூடாது. பிறகு அந்தப் பழையதைப் பஞ்சில் நனைத்து, பாஸ்கா இரவில் மூட்டும் புதுத்தீயின் விறகடியில் முன்கூட்டியே வைத்துவிடலாம். எரிகிற தீயில் குப்பியிலிருந்து நேரே ஊற்றினால் சுவாலை கை வரை ஏறிவரும், பீடச்சிறுவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், மறக்க வேண்டாம். நற்கருணைப் பேழை முன் எண்ணெய் விளக்கு எரிகிற கோயில்களில் அதிலேயே ஊற்றி எரிக்கலாம். சிமிழ்களின் பழைய பஞ்சையும் அன்றே மாற்றுங்கள். சிக்கு வாடை முதலில் பிடிப்பது பஞ்சில்தான். பழைய பஞ்சை எரித்து, சாம்பலை ஆள் மிதிக்காத இடத்தில் புதையுங்கள்.

எண்ணெய் பங்குக்கு வந்ததும் நேரே பீரோவுக்குள் போக வேண்டாம். அதே 1988 சுற்றுமடல், பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்போ வேறு ஏற்ற நேரத்திலோ பங்கில் அவற்றை வரவேற்கலாம் என்கிறது. உறுதிபூசுதல் பெறப்போகும் பிள்ளை கிறிஸ்மாவையும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் நோயாளர் எண்ணெயையும், திருமுழுக்குக்குக் காத்திருப்பவரோ குழந்தையின் தகப்பனோ ஆயத்த எண்ணெயையும் ஏந்தி நடுப்பாதையில் வரட்டும். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஓரிரு வரியில் ஒருவர் அறிவிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சிவகங்கைக்குப் போய் வந்தவர்களே ஏந்தி வந்தால், கோயிலில் இருக்கும் மற்றவர்கள் அன்று இரவே அவர்களிடம் கேட்பார்கள். அடுத்த ஆண்டு வேனில் இடம் கேட்டு அவர்களே வருவார்கள்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குள் பேரவையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நான்காம் ஞாயிறன்று பெயர்ப்பட்டியல் எடுங்கள். அதற்கு அடுத்த வாரம் பாத்திரங்களைப் பேர் வெட்டக் கொடுங்கள். புனித வாரம் நெருங்கிவிட்டால் வேனும் கிடைக்காது, பேர் வெட்டுகிறவருக்கும் நேரம் இருக்காது.

ஆண்டவரில் அன்புடன்,
செட்டிநாட்டுப் பங்குகளில் பலிபீடப் பணி செய்யும் சிலர்